மருமகனின் ஏரியை மறைத்த வீடு

சுவிஸில் ஒரு கட்டடத்தைக் கட்டுவதற்கு முன்னர் அதன் எலும்புக்கூட்டை ஊருக்குக் காட்டுவார்கள். வரப்போகும் கட்டடத்தின் மூலைகளில் நெட்டையான அலுமினியக் கம்பங்களை நட்டு, கூரை வரும் உயரத்தில் சின்னத் தடியொன்றைச் சரிவாகப் பூட்டிவிடுவார்கள். இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம், பிடிக்காதவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்பது அதன் பொருள். வந்த புதிதில் இந்தக் கம்பங்களை அன்ரெனா என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், இனி இந்தப் பகுதியில் ரி.வி. துப்புரவாகத் தெரியும் என்று பக்கத்து அறை நண்பருக்கு விளக்கமும் கொடுத்தேன். அவர் அதை நம்பி அந்தப் பக்கம் வீடு மாறப் பார்த்தார்.

எங்கள் ஊர் ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது. கரையில் முன்பு ஒரு சாயத் தொழிற்சாலை இருந்தது. அது மூடிய பின்னர் வெகு காலம் கம்பி வேலியும் பற்றையுமாய்க் கிடந்த இடத்தை நகரசபை திருத்தி எடுத்தது. நடைபாதை வந்தது, குந்தியிருக்க வாங்குகள் வந்தன, ஐஸ்கிரீம் கடை வந்தது, கடைசியில் காசுக்காரருக்கான மாடிவீடுகளும் வந்தன. அதில் ஒன்றை என் மகளும் மருமகனும் கடன் எடுத்து வாங்கினார்கள். பால் காய்ச்சிய அன்று, வந்த சனம் முழுவதையும் பல்கணிக்குக் கூட்டிப்போய் ஏரியைக் காட்டியது நான்தான். ஏரியை நானே வெட்டி நீர் நிரப்பியதுபோல நின்றேன் என்று மனைவி இன்றும் சொல்லுவாள்.

அவர்கள் வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு வெறும் வளவு இருந்தது. ஒருநாள் அந்த வளவில் கம்பங்கள் முளைத்தன.

ஒரு வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் அதில் வயதானவர்களுக்குக் குறைந்த வாடகையில் குடியிருப்புக் கட்டக் கேட்டிருந்தது. எங்கள் ஆட்கள் உடனே வயோதிபர் மடம் என்று சொல்லுவார்கள். மடம் அல்ல. ஆளுக்கொரு கதவு, சொந்தக் குசினி, லிப்ற், குளியலறையில் இழுத்தால் ஆள் வரும் மணி, கீழ்த்தட்டில் தாதிமாரின் அறை. சமைக்க அலுப்பும் பஞ்சியுமாயிருந்தால் மத்தியானச் சாப்பாடும் அங்கேயே எடுக்கலாம். இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர், மனைவியைக் குளிக்கவைக்க வீட்டுக்கு வந்துபோகும் தாதி. அவர் சொல்லி முடிக்க முதலே மனைவி, "எங்கை பதியிறது எண்டு கேளுங்கோ" என்றாள்.

மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. நாங்கள் இருந்தது லிப்ற் இல்லாத பழைய கட்டடத்தில், மூன்றாம் மாடியில். ஒருநாள் குளியலறையில் விழுந்துவிட்டாள். ஹோட்டல் குசினியில் சூப் அண்டாவைத் தனியாளாய்த் தூக்கி இறக்கியவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த என்னால் அவளைத் தூக்க முடியவில்லை. இரண்டு தரம் தெண்டித்துவிட்டு நானும் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன்.

"நீங்களும் விழுந்திட்டியளோ?" என்று கேட்டாள்.

"இல்லை. உமக்குத் துணைக்கு இருக்கிறன்."

மேல்மாடி போர்த்துக்கீசர் வந்துதான் அவளைத் தூக்கிவிட்டார். என்னையும்தான். அதற்குப் பிறகு அவள் வைத்தியரிடம் போவதற்கு மட்டும் படி இறங்கினாள். எங்கள் ஜன்னலால் பார்த்தால் குப்பைத் தொட்டிகள் தெரியும். "ஏரி இருக்கிற ஊரிலை இருந்துகொண்டு குப்பை வாளியைப் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று ஒருநாள் சொன்னாள். முறைப்பாடாகச் சொல்லவில்லை, பொழுது என்ன ஆகிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

ஆகவே பதிந்தோம். பதிந்ததை எவருக்கும் சொல்லவில்லை. அந்த "சொல்லவில்லை" முழுவதும் என்னுடைய வேலை.

மகள் வீட்டில் எங்களுக்கென்று ஓர் அறை எப்போதும் இருந்தது. கட்டில்கூட வாங்கிப் போட்டிருந்தார்கள். ஆனால் இருவரும் விடிய வேலைக்குப் போய் இருட்டித்தான் வருவார்கள். மனைவிக்கு அதில் வேறொரு கணக்கும் இருந்தது. "அவளிட்டைப் போய் என்னைக் குளிக்க வார் எண்டு நான் கேக்கமாட்டன். அதுக்குத் தாதி இருக்கிறா" என்றாள். நியாயமான கதை. இதை மகளிடம் சொன்னால் அவளும் விளங்கிக்கொள்வாள். ஆனால் சொல்ல வேண்டிய வாய் என்னுடையதாயிருந்தது. அந்த வாய் ஹோட்டல் குசினியில் வேலை செய்த காலம் முழுவதும் வெள்ளைக்காரருக்கு ஒரே பாட்டைப் பாடியிருந்தது: "நாங்கள் தாய் தகப்பனை இல்லத்துக்கு அனுப்பமாட்டோம், அது எங்கள் பழக்கத்தில் இல்லை." தாயை இல்லத்தில் விட்டிருந்த தலைமைச் சமையற்காரர் இதைக் கேட்டு ஒருநாள் கண் கலங்கினார். நான் அவர் தோளில் தட்டி ஆறுதல் வேறு சொன்னேன். இன்று நினைத்தால் காது சுடுகிறது.

ஒவ்வொரு ஞாயிறும் மகள் வீட்டுக்குப் புறப்படும்போது மனைவி, "இண்டைக்குச் சொல்லுங்கோ" என்பாள். நானும் சொல்லத்தான் போவேன். போய் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

அப்படிச் சொல்லப்போன ஒரு ஞாயிறு, மருமகன் என்னைப் பல்கணிக்குக் கூப்பிட்டார்.

"மாமா, இதிலை நிண்டு பாருங்கோ. அந்தக் கம்பத்துக்கும் இந்தக் கம்பத்துக்கும் இடையிலை இருக்கிறது அவ்வளவும் மறையப்போகுது."

"ஓம் தம்பி, மறையும்போலைதான் கிடக்கு."

"ஆருக்குக் கட்டுறாங்கள் தெரியுமோ? கிழடுகளுக்கு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். "ஐயோ மாமா, உங்களைச் சொல்லேல்லை."

"என்னை ஏன் சொல்லப்போறியள். நான் பெடியன்."

இருவரும் சிரித்தோம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. விடிய வேலைக்கு ஓடி, இருட்டி வந்து, அந்தப் பல்கணியில் தேத்தண்ணிக் கோப்பையோடு ஏரியைப் பார்ப்பதுதான் அவர் தனக்கென்று வைத்திருந்த ஒரே சந்தோஷம். அதற்காகத்தான் கடனும் பட்டிருந்தார். அந்தக் கட்டடத்தின் வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்து ஆட்சேபனைக் கடிதம் ஒன்று எழுதியிருந்தார்கள். மருமகன் அதைச் சின்ன மேசையில் விரித்துவைத்துச் சட்டைப்பையைத் தடவினார்.

"மாமா, பேனை வைச்சிருக்கிறியளோ?"

வைத்திருந்தேன். கொடுத்தேன். மூடியைக் கழற்றித்தான் கொடுத்தேன், அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று. நாங்கள் குடிபோகப் பார்த்திருந்த வீட்டுக்கு எதிராக என் மருமகன் என் பேனையால் ஒப்பமிடுவதைப் பார்த்துக்கொண்டே கட்லற் சாப்பிட்டேன். கட்லற் நன்றாயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "சொன்னனீங்களோ?" என்று கேட்டாள்.

"சொல்ல இடம் வரேல்லை" என்றேன்.

சில வாரம் கழித்துக் கூட்டுறவுச் சங்கத்தினர் பள்ளி மண்டபம் ஒன்றில் கூட்டம் வைத்தார்கள். ஆட்சேபிப்பவர்களையும் அழைத்து, முகம் பார்த்துப் பேசி முடிப்பது அவர்கள் எண்ணம். இந்த நாட்டில் எந்தக் கூட்டத்தின் முடிவிலும் நின்றுகொண்டு வைன் குடித்து, கொறித்துக் கதைக்கும் ஒரு சடங்கு உண்டு. அபேரோ என்பார்கள். அதற்காக, குடிவரப் பதிந்தவர்கள் முடிந்தால் சிறிதாக ஏதும் கொண்டுவரலாம் என்று அறிவித்திருந்தார்கள். சிறிதாக என்றால் ஒரு பைக்கற் கடலை. எங்களுக்கு அந்த அளவு விளங்காது. மனைவி மேசைக்கு முன் கதிரையைப் போட்டு இருந்துகொண்டே, தன் வழக்கப்படி மிளகைக் கூடப் போட்டு ஒரு தட்டம் நிறைய றோல்ஸ் சுற்றிப் பொரிப்பித்தாள். பொரித்தது நான். "சங்கக்காரர் எங்களை மறக்கக்கூடாது" என்றாள். புறப்படும்போது, "தட்டத்தை விட்டிட்டு வாறேல்லை" என்றும் சொல்லிவிட்டாள். அது மகளின் கலியாணத்துக்கு வந்த தட்டம்.

மருமகனுக்கு அன்றைக்கு வேலை என்று மகள் சொல்லியிருந்தாள். அந்தத் தைரியத்தில்தான் போனேன். வாசலில் நின்ற பெண், குடிவரப் பதிந்தவர்களின் நெஞ்சில் ஒரு பச்சை வட்டத்தை ஒட்டிவிட்டார். சந்தை மாம்பழம்போல இரண்டாம் வரிசையில் போய் அமர்ந்தேன்.

முதலில் கட்டடக்காரர் படம் காட்டினார். பிறகு ஆட்சேபிப்பவர்கள் பக்கத்திலிருந்து ஒரு மூதாட்டி எழுந்தார். குரல் மிகவும் அன்பாயிருந்தது. இந்த ஊருக்கு இவ்வளவு பெரிய குடியிருப்பு வேண்டுமா என்று கேட்டார். வயதானவர்களைத் தனியாக ஒதுக்கி வைக்கும் பழக்கமே பிழை என்றார். "எங்கள் கட்டடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. பெற்றோருக்கென்று வீட்டில் ஓர் அறையையே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்கள் அவர்களுக்குத் தேவையில்லை. நாம் அவர்களைப் பார்த்துப் படிக்க வேண்டும்" என்று பின்வரிசையைக் காட்டினார்.

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரடா அந்தப் பெருமைக்குரிய தமிழன் என்று நானும் திரும்பினேன். சுவரோரமாய் வேலை உடுப்போடு என் மருமகன் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் பார்க்கவே, கூச்சத்தில் தலையைக் குனிந்து சப்பாத்தைப் பார்த்தார். அதனால் என்னைக் காணவில்லை.

நான் கழுத்தை மெதுவாக முன்னுக்குத் திருப்பினேன். முதல் வேலையாகப் பச்சை வட்டத்தை உரித்தேன். அது நெஞ்சை விட்டு விரலில் ஒட்டியது. உதறினேன், மற்ற விரலுக்குப் போனது. காற்சட்டையில் தேய்த்தேன், முழங்காலில் குடியேறிவிட்டது. பக்கத்தில் இருந்த கிழவர் நான் ஏதோ வலிப்பில் துடிப்பதாக நினைத்துத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

கூட்டம் முடிந்ததும் பக்கக் கதவால் வெளியேறினேன். சைக்கிள் நிறுத்தும் இடம்வரை வந்துவிட்டேன். அங்கேதான் தட்டம் நினைவுக்கு வந்தது. மருமகனையும் மனைவியையும் இரண்டு கையில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். மனைவி பாரமாயிருந்தாள். திரும்பிப் போனேன்.

மேசைக்கு முன்னால் மருமகன் நின்றார். கையில் பாதி கடித்த றோல். வாகனக்காரன் இஞ்சினுக்குள் பார்ப்பதுபோல அதன் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். மிளகு பிடிபட்டிருக்க வேண்டும். மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். நான் தட்டத்தின் மறுபக்கத்தில் நின்றேன்.

"மாமியின்ரை றோல்ஸ்" என்றார்.

"ஓம் தம்பி."

"மாமி ஏன் இதுக்குச் செய்தவ?"

நான் வாயைத் திறக்க முன், அவர்கள் கட்டடத்து வீட்டுக்காரர் சங்கத் தலைவர் வைன் கிளாசும் ஒரு றோலுமாய் வந்து சேர்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவர் யார் என்று ஜேர்மன் மொழியில் கேட்டார். எனக்கு அவமானம் வந்தால் மூளை நின்று வாய் ஓடத் தொடங்கும். "நான் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற ஆள்" என்றேன். சின்னதாய்க் குனிந்து வணக்கமும் வைத்தேன்.

தலைவர் மகிழ்ந்துபோனார். சாப்பாடு மிகத் திறம், தங்கள் கட்டடக் கொண்டாட்டத்துக்கும் செய்து தருவீர்களா என்று கேட்டார். செய்யலாம், எத்தனை பேர் என்று நானும் கேட்டேன். மருமகன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ என் உடுப்பை நடுத்தெருவில் உரிந்துவிட்டதுபோலவும், அதை அவர் பார்க்க நேர்ந்ததுபோலவும் இருந்தது அந்த முகம்.

பிறகு அவர் தலைவருக்குத் தெளிவான ஜேர்மனில் சொன்னார். "இவர் என் மனைவியின் அப்பா. அந்த வீட்டுக்குப் பதிந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்."

தலைவரின் கண் என் முழங்காலில் இருந்த பச்சை வட்டத்தில் போய் நின்றது. "அப்படியா" என்றார். கையில் இருந்த றோலை இனிச் சாப்பிடலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் துடைதாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மருமகன் காரில் கூட்டிவந்தார். வெறுந்தட்டம் என் மடியில்.  வழியில் நான் பகிடி ஒன்று சொல்லத் தொடங்கி, நடுவில் அதன் முடிவு மறந்ததுபோல நடித்து விட்டுவிட்டேன். எங்கள் கட்டடத்துக்கு வந்ததும் தட்டத்தை வாங்கிக்கொண்டு எனக்குப் பின்னால் படியேறினார். இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினார். கைப்பிடிக் கம்பியைப் பார்த்தார். ஞாயிறுகளில் எப்போதும் நான்தான் அவர்களிடம் போவேன், அவர்கள் எங்கள் படி ஏறி வெகு நாளாகியிருந்தது.

மனைவி கதிரையில் விழித்திருந்தாள். "என்ன, றோல்ஸ் முழுக்க முடிஞ்சுதோ?" என்று கேட்டவள் பின்னால் வந்தவரைக் கண்டாள். "தம்பி, நீங்களும் போனனீங்களோ? எப்பிடி, எங்களுக்கு வீடு கிடைக்குமாமோ?"

மருமகன் தட்டத்தை மேசையில் வைத்தார். "மாமி, நான் அதுக்கு எதிராக் கையெழுத்து வைச்சிருக்கிறன்."

"ஏன்?"

"உங்களுக்கு எண்டு தெரியாது."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "இவர் சொல்லேல்லையோ?"

குசினியில் தண்ணீர் சுடவைக்கப் போவதாகச் சொல்லி நழுவினேன். யாரும் தேத்தண்ணி கேட்கவில்லை.

மகள் அன்று இரவே தொலைபேசியில் வந்தாள். நாங்கள் அங்கே குடிபோக நினைத்தது அவளுக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. தாயோடு இரண்டு வசனத்தில் அதைக் கதைத்து முடித்துவிட்டாள். மீதி நேரம் எனக்கு. "அப்பா, அவர் கையெழுத்து வைக்கேக்கை நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள். கட்லற் சாப்பிட்டனீங்கள். பேனையும் குடுத்தனீங்கள். அம்மா கீழை இறங்கேலாமல் இருக்க, அந்த வீட்டை நிப்பாட்ட நாங்கள் கையெழுத்து வைச்சிருக்கிறம். எங்களை ஏன் இப்பிடி ஆக்கினீங்கள்?" இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, கோபம் வந்தால் ஜேர்மனுக்கு மாறிவிடுவாள். அன்று கடைசிவரை தமிழிலேயே கேட்டாள். எனக்கு அதுதான் கூடச் சுட்டது.

மறுநாள் மருமகன் தன் கையெழுத்தை மீளப் பெற்றுக்கொண்டார். அது எனக்குக் கிடைத்த வெற்றி என்று எவனாவது சொன்னால் அவனுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க என்னால் முடியாது. அன்றிலிருந்து லிப்ற்றுக்குள் அவருக்குக் குட்மோர்னிங் சொல்லாத அயலவர்கள் சிலர் உண்டாகிவிட்டார்கள் என்று மகள் சொல்லித்தான் அறிந்தேன். மற்றவர்களின் ஆட்சேபனை அப்படியே நடந்தது. அனுமதி வருமா வராதா என்று தெரியாமல் அந்தக் குளிர்காலம் முழுவதும் கம்பங்கள் மட்டும் பனியில் நின்றன. மனைவி ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

கதை ஊருக்குள்ளும் போய்விட்டது. தமிழ்க் கடைக்குச் சாமான் வாங்கப் போனால், கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "அண்ணை, கேள்விப்பட்டன். பிள்ளையள் இப்பிடிச் செய்வினம் எண்டு ஆர் கண்டது" என்றார்.

"அவை ஒண்டும் செய்யேல்லை, தம்பி. நாங்களாத்தான் பதிஞ்சனாங்கள்."

"விளங்குது அண்ணை. நீங்கள் விட்டுக்குடுத்துக் கதைக்கமாட்டியள்" என்று சொல்லி, ஒரு நாளும் கறிவேப்பிலையைச் சும்மா தராத மனிதர் ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டார். அதை வாங்கியிருக்கக்கூடாது. வாங்கிக்கொண்டு வந்தேன். மனைவி அதை முகர்ந்து பார்த்து, இன்றைக்குக் கறிவேப்பிலை நல்ல புதிது என்றாள்.

அனுமதி வந்த செய்தியை மருமகன்தான் முதலில் தொலைபேசியில் சொன்னார். நகரசபையின் அறிவித்தலை அவர் வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "மாமா, பாஸ் ஆகீட்டுது" என்றார். வாழ்த்துச் சொல்ல வேண்டியவர் அவரா நானா என்று இருவருக்கும் தெரியவில்லை.  பிறகு, "கட்டி முடிய ரெண்டு வருசம் செல்லும். அதுவரைக்கும் மாமி அந்தப் படியிலை இருக்கக்கூடாது" என்றார்.

நான் மழுப்பத் தொடங்கினேன். பக்கத்தில் இருந்த மனைவி கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினாள். "தம்பி, தாதி அங்கையும் வருவாவோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. வருவா எண்டால் நாங்கள் வாறம்." தாதி வருவார் என்றார்கள். அந்த மாத முடிவில் நான்கு பேர் கதிரையோடு சேர்த்து அவளைப் படியால் இறக்கினார்கள். மருமகன் முன்பக்கம் பிடித்தார். நான் வழி காட்டுகிறேன் என்ற சாட்டில் முன்னால் நடந்தேன்.

இப்படித்தான், அவர்கள் ஏரியை மறைக்கப்போகும் வீட்டுக்குக் காத்திருப்பவர்களாய், அவர்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டு அவர்கள் பல்கணியில் இருந்தோம். பாரந்தூக்கி வந்தது. அத்திவாரம் வந்தது. மனைவி லிப்ற்றில் இறங்கி, சில்லு வைத்த தள்ளுநடையைப் பிடித்தபடி கரையோரம் போய்வந்து, வேலை எதுவரை வந்தது என்று எங்களுக்குச் செய்தி சொன்னாள். அவளுக்கு வெட்கம் என்ற சாமான் கொஞ்சமும் இல்லை. எங்கள் இருவருக்கும் சேர்த்து நான் வைத்திருந்தேன்.

மூன்றாம் தட்டுக்குக் கொங்கிறீற் போட்ட அன்று பின்னேரம் மருமகன் வேலையால் வந்து, தேத்தண்ணிக் கோப்பையோடு வழமைபோலப் பல்கணிக்கு வந்தார். நான் ஏற்கனவே அங்கே நின்றேன், தப்ப வழியில்லை. முன்னால் சாம்பல் சுவரும் அதில் ஜன்னலுக்கு விட்ட ஓட்டைகளும்தான் இருந்தன. அவர் கொஞ்சநேரம் பார்த்தார்.

"நல்ல வடிவா வேலை செய்யிறாங்கள், என்ன மாமா" என்றார்.

"ஓம் தம்பி" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேறு எங்கே பார்ப்பதென்றும் தெரியவில்லை. ஏரி இருந்திருந்தால் அதைப் பார்த்திருப்பேன்.